இறக்கைக்குள் ஒரு செப்புத் தகடு

எங்கள் வீட்டில் அலுமினியமும் இரும்பும் நேராகத் தொட்டுக்கொள்ளக் கூடாது. பித்தளை அலுமினியத்தின் பக்கத்திலேயே வரக் கூடாது. செம்புக்கு வாசற்படியோடு தடை. கல்யாணமாகி வந்த புதிதில் மற்ற வீட்டு மருமகள்களுக்கு எதை எதையோ சட்டமாகச் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொல்லப்பட்ட சட்டம் இதுதான். சொன்னது மாமியார்கூட இல்லை, என் வீட்டுக்காரர்.

"அடுப்படியில உன் இஷ்டம். பட்டறைக்குள்ள வந்தா இதான் முறை" என்றார். நான் எதற்குப் பட்டறைக்குள் போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என் வயதில் நல்ல பகுதியெல்லாம் அதற்குள்தான் போயிற்று.

பட்டறை என்று பேர்தானே தவிர, அது வீட்டுக்குப் பின்னால் இருந்த நெல் குடோன். நாங்கள் இருந்தது தென்காசியில். வயல் இலத்தூர்ப் பக்கம். அவர் யுத்த காலத்தில் விமானப் படையில் ஃபிட்டராக இருந்துவிட்டு வந்தவர். கூடத் திரும்பி வந்தவர்களில் ஒருவர் போலீசில் சேர்ந்தார், ஒருவர் லாரி ஓட்டப் போனார். இவர் நெல் மூட்டைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டு, குடோனுக்குள் ஓர் ஏரோப்ளேன் கட்ட ஆரம்பித்தார். ஒரே ஒரு ஆள் உட்காருகிற மாதிரி சின்ன ஏரோப்ளேன். யுத்தம் முடிந்து ஏலத்துக்கு வந்த தகடும் குழாயும் போல்ட்டும் எங்கிருந்தெல்லாமோ ரயிலில் வந்து இறங்கும். பெண் பார்க்க வந்தபோது "மாப்பிள்ளைக்கு மெஷின் வேலையில ஆர்வம்" என்று மட்டும் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஆர்வமாம்!

இரண்டு வேறு வேறு உலோகம் ஒட்டிக் கிடந்து, நடுவில் கொஞ்சம் ஈரம் பட்டால் போதும், ஒன்று மற்றதைத் தின்ன ஆரம்பிக்கும். இதை அவர் எனக்கு டார்ச் லைட் பேட்டரிக் கட்டையை உடைத்துக் காட்டி விளக்கினார். கட்டைக்குள் கரண்டு வருவதும் அப்படித்தானாம். அங்கே அது நமக்கு வேலை செய்கிறது, இறக்கைக்குள் அதுவே நம்மை முடித்துவிடும். எனக்கு அவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அலுமினியச் சட்டியில் புளித்தண்ணீர் ராத்திரி முழுக்கக் கிடந்தால் காலையில் அடியில் புள்ளி புள்ளியாக இருக்கும். "அதேதான், அதேதான்!" என்று அவர் குதித்தார். புத்திசாலிப் பெண்டாட்டி கிடைத்துவிட்டாள் என்று முடிவுகட்டி மறுநாளே என்னை வேலைக்கு இழுத்துவிட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவருக்கு அந்தப் பயம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. யுத்தத்தின்போது கடற்கரையை ஒட்டிய ஒரு விமானத் தளத்தில் இருந்திருக்கிறார். அங்கே இவர் கண்ணெதிரே ஒரு விமானம் இறங்கி வரும்போது ஒரு பக்கத்து இறக்கை மடங்கிவிட்டதாம். ஓட்டினவர் இவரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டவர். பிறகு பிரித்துப் பார்த்தால், இறக்கையைத் தாங்குகிற அலுமினியத் தண்டுக்குள் யாரோ ஒரு வெண்கல வளையத்தைச் சும்மா திணித்திருக்கிறார்கள். நடுவில் பெயிண்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. உப்புக்காற்று மிச்ச வேலையைப் பார்த்திருக்கிறது. வளையத்தைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்ததாம். "கையில எடுத்தேன்ட்டி, கோலப்பொடி மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிச் சொல்லிக் கையை விரித்துக் காட்டுவார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் அந்த ஏரோப்ளேன் சவத்தில் ஏறினால் உயிரோடு இறங்க வேண்டும். முடிந்தால் ஏறவே கூடாது. இதை நான் ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. பயம் என்றால் என்னவென்றே தெரியாத மாதிரி நடமாடுகிற மனுசனிடம் போய் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சிரித்துவிடுவார். ஆகவே, சொல்ல முடியாததை வேலையில் காட்டினேன். எந்த இரண்டு உலோகமும் என் கையைத் தாண்டித் தொட்டுக்கொள்ளவில்லை.

பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி வளையம் வளையமாக எடுப்பேன். இரும்புப் பட்டையை அலுமினியத்தோடு சேர்க்கிற இடத்தில் இரண்டுக்கும் மஞ்சள் பெயிண்ட் அடித்து, அதே பெயிண்ட்டில் முக்கின துணியை நடுவில் வைத்து, காய்வதற்குள் முடுக்க வேண்டும். போல்ட்டையும் முக்கித்தான் சொருக வேண்டும். அந்த மஞ்சள் சோப்புக்குப் போகாது. தெருவில் பெண்கள் என் நகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, வீட்டுல விசேஷமா? கையெல்லாம் மஞ்சளா இருக்கு" என்று கேட்பார்கள். விசேஷம்தான், போங்க.

அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போடக் கூடாது. அந்தக் கரியே போதுமாம் தகட்டைத் தின்ன. ஒருமுறை தெரியாமல் போட்டுவிட்டேன். அவர் கத்தின கத்தில் கூரைமேல் இருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டன. இரும்பு நாரால் தேய்க்கக் கூடாது, துகள் உள்ளே குத்திக்கொண்டு நிற்கும். தேங்காய் நாரால்தான் தேய்க்க வேண்டும். வேர்த்த கையோடு தொடக் கூடாது, வேர்வையில் உப்பு. சித்திரை மாதத்தில் குடோனுக்குள் வேர்க்காமல் எப்படி இருப்பது என்று கேட்டால் துண்டை எடுத்து நீட்டுவார்.

தகடுகளைச் சேர்த்து ரிவெட் ஆணி அடிக்கும்போது வெளியே அவர் சுத்தியலோடு நிற்பார். உள்ளே கையை விட்டு இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுத்துப் பிடிப்பது என் வேலை. என் கை ஒல்லி, அதனால் எந்தப் பொந்துக்குள்ளும் போகும். சாயங்காலம் தோசைக்கு மாவரைக்க உட்கார்ந்தால் குழவியைப் பிடிக்கிற கையில் அந்த அடி கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் போதாதென்று சாரல். ஆனியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று புறப்பட்டால், ஆவணி வரைக்கும் எங்களுக்கு வெயில் என்பது கேள்விப்படுகிற சமாச்சாரம்தான். குற்றாலத்துக்கு ஊர் ஊராய் ஜனங்கள் வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, என்ன சுகம், என்ன சுகம் என்று போவார்கள். அவர்களுக்கென்ன, இரண்டு நாளில் பஸ் ஏறிவிடுவார்கள். உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்வதும் தீப்பெட்டி நமுத்துப்போவதும் நமக்கல்லவா? உலகத்தில் எத்தனையோ காய்ந்த ஊர் இருக்க, மூன்று மாதம் தூறலிலேயே கிடக்கிற ஊரில் உட்கார்ந்து அலுமினியத்தில் ஏரோப்ளேன் கட்டுகிறவரை என்னவென்று சொல்ல? சாரல் நாட்களில் இறக்கைக்குக் கீழே கரிச்சட்டி வைத்து அனல் காட்ட வேண்டும். என் பெண்கள் இரண்டு பேருடைய பள்ளிக்கூடப் பாவாடை ஈரத்தோடு கொடியில் நாறும். இறக்கை மட்டும் கதகதவென்று காய்ந்து கிடக்கும். ஒருநாள் பாவாடைகளைக் கொண்டுபோய் இறக்கைமேல் விரித்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டுப் பாவாடையை மடித்துக் கையில் கொடுத்தார். அன்றைக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது எனக்கு.

ஊரில் எங்கள் வீட்டுக்குப் பிளேன்காரர் வீடு என்றே பேர் விழுந்துவிட்டது. சந்தையில் காய் விற்கிறவள், "யக்கா, பிளேன் எப்ப பறக்கும்?" என்பாள். "நீ தராசை ஒழுங்காப் புடிக்கிற அன்னைக்கு" என்பேன். ஒரு தடவை, பிளேன் கட்ட லைசென்ஸ் இருக்கிறதா என்று சர்க்கார் ஆபீசர் ஒருவர் விசாரிக்க வந்தார். பிளேனைச் சுற்றிச் சுற்றி நடந்தார், காப்பி குடித்தார், "நான் ஒண்ணும் பாக்கல அண்ணாச்சி. இது பறந்தா பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதெல்லாம் எங்கே பறக்கப்போகிறது என்ற நினைப்பு அந்த ஆபீசருக்கு. எனக்கும் அந்த நினைப்பு இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அது பறக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ரிவெட்டிலும் முட்டுக் கொடுத்தவள் நான்தானே.

என் மாமியாருக்கும் தெரியும் போலிருக்கிறது. அத்தை பட்டறைப் பக்கமே வர மாட்டார்கள். ஒற்றைப் பிள்ளை. ஒரு தை மாதம், யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் புளியறைப் பக்கம் போய், அங்கே மந்திரிக்கிற ஒரு மலையாளத்து ஆளிடம் ஒரு தகடு எழுதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். உள்ளங்கை அகலத்தில் செப்புத் தகடு. கட்டம் போட்டு எழுத்தெல்லாம் எழுதி, சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. பஸ் முதலாளிகள் எல்லாம் புது பஸ்ஸுக்கு அவரிடம்தான் தகடு வாங்கிப் பதிப்பார்களாம்.

"ஏலே ஐயா, இதை அதுக்குள்ள வச்சிரு" என்று பிள்ளை கையில் கொடுத்தார்கள். "நடுவுல துணி, மெழுகு, பெயிண்டு ஒண்ணும் ஆவாதாம். தகடு வண்டி உடம்புல நேரா முட்டிக்கிட்டு இருக்கணுமாம். அப்பத்தான் பலிக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உலகத்தில் உள்ள உலோகத்தில் எது ஆகவே ஆகாதோ, அதையே கொண்டுவந்து, அதுவும் நடுவில் ஒன்றும் வைக்காமல் ஒட்டு என்றால்? அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "எம்மா, உனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா? செம்பையும் அலுமினியத்தையும் முட்ட வைக்கச் சொல்லுதியே! இதுக்கு நீயே என்னை அருவிக்கு மேல கொண்டுபோயித் தள்ளிவிட்டுரலாம்" என்று கூப்பாடு போட்டார். தகட்டை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வந்து, சிற்றாற்றில் எறிந்துவிட்டதாகச் சொன்னார். அத்தை இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது, ஆனால் அவர் செய்தது சரிதான் என்றே நினைத்தேன்.

அடுத்த மாதம் சுரண்டையில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பத்துப் பதினைந்து நாள் அம்மா வீட்டில் இருந்தேன். எத்தனையோ நாளுக்கப்புறம் கையில் மஞ்சள் இல்லாமல் சாப்பிட்டேன். திரும்பி வந்து பார்த்தால், இடது இறக்கையில் பாக்கியிருந்த அடிப்பகுதியைத் தகடு வைத்து மூடி, ரிவெட் அடித்து முடித்திருக்கிறார். இறக்கை உடம்போடு சேருகிற இடம் அது. மொத்தப் பாரமும் தாங்குகிற இடம்.

"நான் வாரதுக்குள்ள என்ன அவசரம்? உள்ள கட்டையை யாரு புடிச்சா?" என்றேன்.

"ஒத்தையாச் சமாளிச்சேன். நீயும் எத்தனை நாளைக்குத்தான் கையை விட்டுக்கிட்டுக் கிடப்ப" என்றார்.

இந்த மனுசனுக்கு என் கைமேல் எப்போதிருந்து கரிசனம் என்று தோன்றினாலும், ஒரு வேலை குறைந்தது என்று சந்தோஷமாகப் போய்ப் படுத்துவிட்டேன்.

அந்த வருசம் சாரலுக்கு முந்தியே பறந்துவிடுவது என்றுதான் இருந்தார். இலத்தூர்க் குளம் சித்திரையில் வற்றிவிடும். தண்ணீர் நிற்கிற உள்வாய் முழுக்கக் காய்ந்து, வெடித்த மண்ணைத் தட்டி நிரவிவிட்டால் ஓடவும் இறங்கவும் தோதான இடம். ஆனால் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மேக்னெட்டோ கெட்டுவிட்டது. அதற்கு மாற்று வர வேண்டும் என்று காத்திருந்ததில் சித்திரை போய், சாரல் வந்துவிட்டது. பிறகு வந்த மேக்னெட்டோவும் சரியாக இல்லை, திருப்பி அனுப்பினார். இன்னொரு சாரலும் வந்து போயிற்று. அந்த இரண்டு வருசமும் அவர் ஒரு மாதிரியாக இருந்தார். சாரல் நாளில் குடோனுக்குள் போய் இடது இறக்கைப் பக்கமே உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்துக் கரிச்சட்டியில் மட்டும் கரி அதிகம் இருக்கும். மேக்னெட்டோ வராத வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சித்திரையில் எல்லாம் கூடிவந்தது. எஞ்சின் உறுமியது, குளம் வற்றியது, மாட்டு வண்டிக்குச் சொல்லியாயிற்று. மறுநாள் காலையில் உடம்பை ஒரு வண்டியிலும் இறக்கைகளை ஒரு வண்டியிலும் ஏற்றிக் குளத்துக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மத்தியானம் சாப்பிட்டபிறகு கடைசியாக ஒரு தடவை எல்லாவற்றையும் தடவிப் பார்க்கலாம் என்று என்னைக் கூப்பிட்டார். இறக்கைகள் வைக்கோல்மேல் கிடந்தன. கை நுழைகிற அளவுக்கு அங்கங்கே துவாரம் வைத்து மூடி போட்டிருக்கும். மூடியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, ஒவ்வொரு நட்டாகத் தொட்டுச் சொல்ல வேண்டும்.

வலது இறக்கை முடிந்தது. இடது இறக்கைக்கு வந்ததும், "அங்கன அடிப்பக்கம் நல்லாத் தடவிப் பாரு" என்றார். கொஞ்சம் கழித்து மறுபடியும், "உள்ள நல்லா, நடுத்தண்டு வரைக்கும்" என்றார்.

தோள்வரைக்கும் கையை விட்டுத் தடவினேன். நடுத்தண்டில் ஏதோ தகடு மாதிரி தட்டுப்பட்டது. அதன் ஓரத்தில் அலுமினியம் அப்பளம்போல் உப்பிக்கொண்டிருந்தது. விரலால் லேசாக அழுத்தினேன், உதிர்ந்து உள்ளே போய்விட்டது. என் விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

கையை வெளியே எடுத்தேன். விரலெல்லாம் வெள்ளைப் பொடி. அந்த நேரம் பார்த்து அத்தை மோர்ச் செம்போடு உள்ளே வந்தார்கள். மறுநாள் பிள்ளை பறக்கப்போகிறான் என்றுதான் அன்றைக்கு அதிசயமாகப் பட்டறைக்குள் வந்திருக்க வேண்டும். என் கையைப் பார்த்துவிட்டு, பூஜை ஏதோ நடக்கிறது, திருநீறு கொடுக்கிறேன் என்று நினைத்துப் பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டினார்கள்.

முகம் பார்க்கிற கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து உள்ளே காட்டிப் பார்த்தேன். செப்புத் தகடு. கட்டமும் எழுத்தும் அப்படியே இருந்தன. ஓரத்தில் கொஞ்சம் பச்சை பூத்ததைத் தவிரத் தகட்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சுற்றி இறக்கைதான் இல்லை.

"அத்தை!" என்று நான் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "உங்க பிள்ளையை நீங்களே கொல்லப் பாத்தீயளே! ஆத்துல போட்டதை எடுத்துட்டு வந்து வச்சீயளா, இல்ல போயி வேற ஒண்ணு வாங்கினீயளா? இத்தனை வருசம் நான் வெட்டின டியூப்பும் அடிச்ச பெயிண்டும் எதுக்கு? நாளைக்கு இது மேலே போயி மடங்கியிருந்தா?"

அத்தை மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டார்கள். "ஏ தாயி, நான் அந்தப் பொந்துக்குள்ள கையை விடுவனா? சாமி சத்தியமா நான் இல்லட்டி" என்று அழுதார்கள். நான் நம்பவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

"அம்மாவை விடு" என்றார் அவர். வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தார். "நாந்தான் வச்சேன். ஆத்துல போடல."

நான் மறுபடியும் கண்ணாடியை உள்ளே காட்டிப் பார்த்தேன். நாலு மூலையிலும் நாலு ரிவெட், தலை நசுங்காமல் வரிசையாக. அத்தையால் அப்படி அடிக்க முடியுமா? ஊரிலேயே வேறு யாரால் முடியும்? பார்த்தவுடனே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"பெயிண்டு?" என்றேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"சுரண்டிட்டுத்தான் வச்சேன். முட்டிக்கிட்டு இருக்கணும்னு சொன்னாங்கல்லா."

"உங்களுக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் சொல்லுத நீங்களா?"

"தெரியும்" என்றார். "ரெண்டு மாசத்துல பறந்துருவோம்னு நெனச்சேன். ரெண்டு மாசத்துல என்ன தின்னுரும்? பறந்து எறங்கினதும் பிரிச்சு எடுத்துரலாம்னு இருந்தேன். மேக்னெட்டோ வரல. சாரல் வந்துட்டு. ரிவெட்டைத் தட்டிப் பிரிச்சா நீ ஏன்னு கேப்ப. என்ன சொல்லட்டும்? அதான் கரியைப் போட்டுக் காய வச்சுக்கிட்டே கெடந்தேன்."

"அதை ஏன் வச்சீய, அதைச் சொல்லுங்க முதல்ல."

அவர் அத்தையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "பயமா இருந்துச்சுட்டி" என்றார். "அன்னைக்கு அவன் இறக்கை மடங்கினது கண்ணுலயே நிக்குது. எத்தனை பெயிண்டு அடிச்சாலும், எத்தனை டியூப்பு வச்சாலும் போக மாட்டங்கு. நீ பாட்டுக்கு எல்லாத்துக்கும் முட்டுக் குடுத்துக்கிட்டு கல்லு மாதிரி நிக்க. உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

நான் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருசம்! நான் என் பயத்தை அவருக்குக் காட்டாமல் வளையம் வெட்ட, அவர் பயந்துகொண்டு எனக்குத் தெரியாமல் தகடு பதிக்க, இரண்டு பேரும் வீரசூரர்கள் மாதிரி ஒரே குடோனுக்குள் நடமாடியிருக்கிறோம். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அத்தைதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மோரை ஊற்றிக் கொடுத்தார்கள். நான் பேசின பேச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் அந்த மோரை என் தலையில் கொட்டியிருப்பார்கள்.

வண்டிக்காரருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். இறக்கையைப் பிரித்தோம். அரித்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, தண்டுக்கு இருபுறமும் புதுத் தகடு வைத்து, பெயிண்ட் அடித்து, துணி வைத்து, மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் என் நகத்தில் மஞ்சள். மறுபடியும் சாரல், கரிச்சட்டி, ஈரப் பாவாடை. கழற்றின செப்புத் தகட்டை அத்தை புளி போட்டு விளக்கி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

அடுத்த சித்திரையில் குளம் வற்றியது. ஒருநாள் மத்தியானம், சாப்பிட்ட தட்டை வைத்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவர் கேட்டார்: "பறக்கவா, வேண்டாமாட்டி? நீ சொல்லு."

இத்தனை வருசமாக நான் காத்திருந்த கேள்வி. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குடோனில் நெல் போடலாம், பாவாடை காயப் போடலாம், நான் நிம்மதியாகத் தூங்கலாம். அவரும் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். அப்படி இல்லை. வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்வார். கேட்டுக்கொண்டு, இருக்கிற காலம் முழுக்க அந்தக் குடோன் வாசலில் போய் நிற்பார்.

எழுந்துபோய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து தகட்டை எடுத்து வந்தேன்.

"இதுல ஒரு ஓட்டை போடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"உடம்புல முட்டிக்கிட்டுத்தானே இருக்கணும்? உங்க உடம்புல முட்டட்டும். அது உங்களை ஒண்ணும் தின்னுராது. பறந்துட்டு வாங்க."

ஓட்டை போட்டுக் கொடுத்தார். நான் கறுப்புக் கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் கட்டிவிட்டேன். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மறுபக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்கள்.

பறந்தார். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு பனைமர உயரம், குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். கரைமேல் நின்று பார்த்த ஜனங்கள் கத்தினது எனக்குக் கேட்கவில்லை. நான் இடது இறக்கையின் அடிப்பகுதியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வலது கை முழங்கைவரைக்கும் விறைத்துப்போயிருந்தது, உள்ளே விட்டு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிற மாதிரி. சக்கரம் மண்ணைத் தொட்டுத் தூசி எழும்பினபிறகுதான் கையை மடக்க முடிந்தது. அவர் இறங்கி இரண்டு அடி நடந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் பிறகு அதில் ஏறவில்லை.

ஆனியில் சாரல் கட்டியது. அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தவுடன், கூட்டம் வருவதற்குள் ஒருநாள் குடும்பமாகக் குற்றாலம் போனோம். அருவிக்குப் போவதற்கு முன்னால் கீழே ஆற்றங்கரைப் பாறையில் உட்கார வைத்து நான்தான் அவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். தகட்டை அவர் கழற்றவே இல்லை போலிருக்கிறது. சட்டையைக் கழற்றினால், நெஞ்சுக்கு நடுவே அதே அளவில் பச்சையாக ஒரு கட்டம்.

"தேய்ச்சாப் போயிரும்லா?" என்றார்.

"போகும்" என்றேன். அந்த இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் தேய்த்தேன்.